வசந்திக்கு, ஊசி போடுறதுக்கு முன்னாடி

அன்புள்ள வசந்தி,

எப்படி இருக்க? அண்ணாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு கேட்டு நிம்மதியா இருந்துச்சு, சொட்டு மருந்து மட்டும் வேளா வேளைக்கு விடச் சொல்லு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். வேளச்சேரில வழக்கம் போல மழைக்கு முன்னாடி ரோட்ட தோண்டிப் போட்டிருக்காங்க, இவர் வண்டி எடுக்கிறதையே விட்டுட்டாரு.

போன வாரம் போன்ல சொன்னியே, ஜனவரில உகாண்டாவுல கம்பாலாவுக்கு பொண்ணு வீட்டுக்குப் போறேன், மஞ்சள் காய்ச்சல் ஊசி ஒண்ணு போடணுமாம், கிளம்புற வாரத்துல போய் போட்டுக்கிட்டா ஆச்சுன்னு. அப்ப வீட்ல ஆளுங்க இருந்தாங்க, நானும் சரி சரின்னு வச்சுட்டேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரல டி. உன் மூட்டு வலி மாத்திரை தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. அதனால தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், முழுசா படி.

நாங்க கிசுமு போறது உனக்குத் தெரியும்ல, கென்யால விக்டோரியா ஏரிக்கரை, பையன் அங்க சர்க்கரை ஆலைல இருக்கான். டிக்கெட் போட்டுக் குடுத்த ஏஜென்ட் என்ன சொன்னார் தெரியுமா, ஊசி எல்லாம் போட்டு ஏன் காய்ச்சல்ல படுக்கிறீங்க மேடம், காசு குடுங்க, ஊசி போட்டாச்சுன்னு காட்டுற சர்டிபிகேட், அந்த மஞ்சள் புக்கு மட்டும் சீல் வச்சு வாங்கித் தரேன்னு. எனக்கு வந்துச்சே கோவம். இவர் தான் சமாதானப்படுத்தி வெளிய கூட்டிட்டு வந்தார். அதுக்கப்புறம் தான் ஒழுங்கா ஒரு டாக்டர பாப்போம்னு, வெளிநாடு போறவங்களுக்குன்னு தனியா பாக்குற ஒருத்தர்கிட்ட போனோம், கிளம்ப இன்னும் ஆறு வாரம் இருக்கும்போதே.

நான் போனது ஊசி போட்டுட்டு வர. அவர் முக்கால் மணி நேரம் கேள்வியா கேட்டார். எந்த ஊர், எத்தன நாள், டவுனுக்குள்ளயா கிராமமா, வேற நாட்டு வழியா போறீங்களா, முட்டை சாப்பிட்டா ஒத்துக்குமா (அந்த ஊசி மருந்த கோழி முட்டைல தான் வளக்குறாங்களாம்), தைமஸ் சுரப்பில ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கா, புற்றுநோய்க்கு மருந்து எடுத்திருக்கீங்களா, ஸ்டீராய்டு உண்டா, மூட்டுக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களா. கடைசி கேள்வி வந்தப்ப உன் முகம் தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, சத்தியமா.

ஏன் அப்படி கேக்குறார்னு நானே கேட்டேன். இது செத்த கிருமி ஊசி இல்லயாம், உயிரோட இருக்கிற கிருமிய பலவீனமாக்கி உடம்புக்குள்ள விடுறது. நல்ல உடம்பு அத அடக்கிடும், ஒரு தடவ போட்டா போதும், 2016லேர்ந்து அந்த சர்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லும். ஆனா எதிர்ப்பு சக்திய குறைக்கிற மருந்து எடுக்கிறவங்களுக்கு அந்த பலவீனமான கிருமியே ஆபத்தாயிடலாம். நீ வாரத்துக்கு ஒரு நாள் போடுறியே மெத்தோட்ரெக்சேட், அது அந்த வகை மாத்திரை தான் வசந்தி. வலி ஜாஸ்தியானா நடுநடுவுல ஸ்டீராய்டும் போடுவ. உன் பொண்ணுக்கே நீ என்ன மாத்திரை சாப்பிடுறன்னு முழுசா தெரியாது, கவலப்படுவான்னு மறச்சு வச்சிருக்க, எனக்குத் தெரியும். ஊசி போடுற இடத்துல கூட்டத்துல நின்னுக்கிட்டு பிரஷர் சுகர் உண்டான்னு கேட்டா இல்லன்னு சொல்லி கைய நீட்டிடுவ. அத மட்டும் பண்ணாத. அதுக்காக மாத்திரைய நீயா நிறுத்திட்டும் போகாத, மருந்து உடம்ப விட்டுப் போக நாளாகும், வலியும் திரும்பிடும். உன் மூட்டு டாக்டர மொதல்ல பாரு. வேண்டாம்னு அவர் சொன்னா, உடம்பு காரணமா இவங்களுக்கு இந்த ஊசி போடக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுக்குற விலக்கு சர்டிபிகேட்னு ஒண்ணு இருக்கு. ஆனா அத ஏத்துக்கிறது அந்தந்த நாட்டோட இஷ்டம், உகாண்டால ஊசி கட்டாயம், அதனால டிக்கெட்டுக்கு முன்னாடியே தூதரகத்துல கேட்டிருக்கணும், பரவால்ல, இப்பவாவது கேளு. அப்புறம் ஊசி இல்லாம அங்க போனா நிஜமாவே அந்த நோய் வர வாய்ப்பும் இருக்கு, போறதா வேண்டாமாங்கிறதே டாக்டர் கூட உக்காந்து யோசிக்க வேண்டிய விஷயம். பேத்திய பாக்கணும்னு உனக்கு எவ்ளோ ஆசைன்னு தெரியாம சொல்லல.

இவருக்கு 63. அறுபது தாண்டி மொத தடவ போடுறவங்களுக்கு ரொம்ப அபூர்வமா பெரிய பக்க விளைவு வரலாம்னு டாக்டர் மறைக்காம சொன்னார். போற ஊர்ல ஆபத்து நிஜம், இவருக்கு வேற பெரிய வியாதி இல்ல, ரெண்டையும் எடை போட்டு பாத்து போட்டுக்கலாம்னு முடிவாச்சு. முடிவு எங்களோடதுன்னு விட்டார், அது எனக்கு பிடிச்சுது.

ஊசி போட்டது கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல. அந்த பேருல இருக்கிற கிங், ராஜா இல்லயாம், டபிள்யூ.ஜி. கிங்னு ஒரு ஆங்கிலேய அதிகாரி, 1899ல ஆரம்பிச்ச இடம், அம்மை குத்துற மருந்து ஒரு காலத்துல அங்க தயாராச்சு. நம்ம கைல இருக்கிற தழும்பு கூட அங்கேர்ந்து வந்ததா இருக்கலாம்னு நெனச்சு பாத்தேன். மருந்து பவுடரா வரும், ஒரு குப்பிய கலந்தா 6 மணி நேரத்துக்குள்ள எல்லாருக்கும் போட்டு முடிக்கணும், அதனால நெனச்ச நேரத்துக்கு போட மாட்டாங்க, கேட்டுட்டு போகணும். பாஸ்போர்ட்ல இருக்கிற பேரு அப்படியே புக்குல இருக்கான்னு அங்கயே பாத்துட்டு நகரு. முக்கியமா, ஊசி போட்டு 10 நாள் கழிச்சு தான் சர்டிபிகேட் செல்லும். கிளம்புற வாரம் போட்டா பிரயோஜனமே இல்ல. எனக்கு ஒண்ணும் ஆகல, இவருக்கு ஆறாவது நாள் லேசா காய்ச்சல், உடம்பு வலி, ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு.

எங்க மாமியார் மஞ்சள் காமாலைக்கு எதுக்கு ஊசி, கீழாநெல்லி அரச்சு குடின்னாங்க. பேரு ஒரே மாதிரி இருக்கே தவிர இது வேற, கொசு கடிச்சு வர்றது. அதுவும் எந்த கொசு? ஏடிஸ், நமக்கு டெங்கு குடுக்குற அதே பகல் கொசு. எங்க தெருவுல ஏசி தண்ணி, பழைய டயர், தேங்கா செரட்டைன்னு எங்க பாத்தாலும் இருக்கு, கார்ப்பரேஷன் ஆளுங்க வாராவாரம் வந்து கொட்டிட்டு போறாங்க. கொசு நம்மகிட்ட இருக்கு, அந்த கிருமி மட்டும் இன்னும் இந்தியாவுக்குள்ள வரல. அதனால தான் கென்யாவுக்குள்ள போக நம்மகிட்ட ஊசி சர்டிபிகேட் கேக்காட்டியும் திரும்பி வரும்போது நம்ம ஏர்போர்ட்ல கேக்குறாங்க, இல்லன்னா 6 நாள் வரைக்கும் தனியா வச்சிடுவாங்க.

2006 ஞாபகம் இருக்கா? சிக்குன்குனியா. அதுவும் அந்தப் பக்கத்து நோய் தான், 1952ல தான்சானியால கண்டுபிடிச்சது, அந்த பேருக்கு அங்க பேசுற மகொண்டே மொழில வளஞ்சு போறதுன்னு அர்த்தமாம். அதுவும் இதே கொசு தான். நீ மைலாப்பூர் வீட்டு மாடிப்படில உக்காந்து உக்காந்து இறங்கினத நான் பாத்தேன். அந்த காய்ச்சலுக்கு அப்புறம் ஆரம்பிச்ச வலி தானே இன்னி வரைக்கும் மாத்திரை போடுற. ஏஜென்ட் காசுக்கு சீல் வாங்கித் தரேன்னப்ப எனக்கு ஏன் அவ்ளோ கோவம் வந்துச்சுன்னு இப்ப புரியுதா?

மலேரியாவுக்கு எங்களுக்கு ஊசி கிடையாது, மாத்திரை தான். நம்ம சென்னைல வர்ற மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ்னு ஒரு வகை, அங்க ஃபால்சிபாரம்னு இன்னொரு வகை, அது மூளைக்கு ஏறி ஆளையே கொல்லும். எங்களுக்கு டாக்ஸிசைக்கிளின் குடுத்திருக்கார், கிளம்புறதுக்கு ஒரு நாள் முன்னாடி ஆரம்பிச்சு, திரும்பி வந்தும் 4 வாரம், நிறைய தண்ணியோட, உடனே படுக்கக் கூடாது. உனக்கு எது ஒத்துக்கும்னு டாக்டர் தான் சொல்லணும், மெத்தோட்ரெக்சேட்டோட சில மருந்து சேராது. டைபாய்டும் டெட்டனஸும் போட்டுக்கிட்டோம். திரும்பி வந்த பிறகு காய்ச்சல்னா அன்னிக்கே போய் ஆப்பிரிக்கா போயிட்டு வந்தேன்னு மொத வார்த்தையா சொல்லணுமாம்.

நாளைக்கே உன் மாத்திரை அட்டை எல்லாத்தையும், பின்பக்கம் பேரு தெரியுற மாதிரி, போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல அனுப்பு. வெள்ளிக்கிழமை இவருக்கு அந்த டாக்டர்கிட்ட போறோம், நான் காட்டி கேட்டுட்டு சாயந்தரம் உனக்கு போன் பண்றேன். பொண்ணுகிட்டயும் அதுக்குள்ள சொல்லிடு, நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்.

அண்ணாவ கேட்டதா சொல்லு.

அன்புடன்,
உன் கீதா