ஸ்ட்ரைக் அறிவிக்கிறதுக்கு முன்னாடி லயத்துல அரிசி இருக்கான்னு கேளுங்க: மலையக தொழிற்சங்கத் தலைவர்மாருக்கு ஒரு திறந்த மடல்

தலைவர்மாருக்கு வணக்கம்,

இலங்கை மலையகத்து தேயிலைத் தோட்டங்கள்ல இருக்கிற எல்லா சங்கத்துக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன், கொடி கலர பாத்துட்டு இது பக்கத்து சங்கத்துக்குன்னு யாரும் ஒதுங்கிக்க வேணாம். சம்பளப் பிரச்சினை வர்ற நேரமெல்லாம் மைக்க புடிச்சு அறவழிப் போராட்டம்னு அறிவிக்கிறீங்க, சனமும் ரோட்டுக்கு வருது, டவுன் சந்தியில ரெண்டு டயர் எரியுது, போட்டோ பேஸ்புக்ல ஏறுது, சாயங்காலம் நீங்க பேச்சுவார்த்தைன்னு கொழும்புக்கு கெளம்பிடுறீங்க. மறுநாள் காலையில என்ன செய்யணும்னு தோட்டத்துல ஒருத்தருக்கும் தெரியாது.

எங்க தோட்டத்துல அப்படித்தான் ஆச்சு. மெதுவா வேலை செய்யச் சொல்லிட்டு போயிட்டாங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல கிலோ கொறஞ்சிருக்குன்னு அரைப்பேர், அதான் அரைநாள் சம்பளம், போட்டாங்க, சத்தம் வந்துச்சு, ஒரு தம்பி தோட்டத்து ஆபிசர் ஐயாவ புடிச்சு தள்ளிட்டான், யாரோ கல்லெறிஞ்சதுல பங்களா கண்ணாடி ஒடஞ்சிருச்சு. இருட்டுறதுக்குள்ள பொலிஸ் ஜீப் வந்து நாலு பொடியன்கள ஏத்திட்டு போச்சு. அதோட சம்பளப் பேச்சு முடிஞ்சுது, பெறகு பூரா பிணை, லோயர், தவணைன்னுதான் பேச்சு. தவணைக்கு தவணை அம்மாமார் அன்னிக்கு நாள் சம்பளத்த விட்டுட்டு பஸ் காசு கடன் வாங்கிட்டு கோர்ட் வாசல்ல போய் நின்னாங்க. கம்பெனிக்கு இதவிட வேற என்ன வேணும், சொல்லுங்க?

அந்த தம்பிய திட்டி பிரயோசனம் இல்ல. கோவம் இல்லாத எடமா இது, லயத்து வரிசை வீட்டுல ஒரு காம்பராவுக்குள்ள ரெண்டு குடும்பம் கெடக்குது. ஆனா அந்த கோவத்த எங்க காட்டினா வலிக்கும்னு அவனுக்கு யார் சொல்லிக் குடுத்தா? கொழுந்து காத்திருக்காதுன்னு மலையேறுற ஒவ்வொரு அம்மாவுக்கும் தெரியும். ஏழெட்டு நாள்ல கொழுந்தெடுக்கிற ரவுண்டு அதே செடிக்கு திரும்பி வரணும், ரெண்டு ரவுண்டு தவறினா ரெண்டு இலையும் மொட்டும்னு நின்னது முத்திப்போய் தண்டாகிரும், அத ஸ்டோருக்கு, அதான் தேயிலை பேக்டரிக்கு, அனுப்பி ஒண்ணும் பண்ண முடியாது, அடுத்த கொழுந்தும் பிந்தும். கைய கட்டிட்டு நின்னாலே கம்பெனிக்கு தேயிலை ஏலத்துல அடி விழும். அப்படி இருக்கயில கல்லு எதுக்கு?

இது ஒண்ணும் புது யோசனை இல்ல, உங்க பெரியவங்க செஞ்சதுதான். 1948ல குடியுரிமைச் சட்டம் வந்து நம்ம சனத்த நாடில்லாதவங்களா ஆக்கின பெறகு 1952ல மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் ஐயா தலைமையில இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்புல பிரதமர் ஆபிஸ் முன்னால மாசக்கணக்குல சத்தியாக்கிரகம் இருந்தாங்க. பெரிய தியாகம், ஆனா சட்டம் அசையல. 1986 தைப்பொங்கல் அன்னிக்கு அதே தொண்டமான் ஐயா பிரார்த்தனை இயக்கம்னு ஒண்ண ஆரம்பிச்சாரு, காலையில சாமி கும்புடுறது, அந்த நேரம் மலைக்கு கொழுந்தெடுக்க போறதில்ல, அவ்வளவுதான். சாமி கும்புடுறவங்கள எந்த பொலிஸ் அடிக்கும், எந்த தோட்டத்து தொர போய் ஏன்னு கேப்பாரு! அதே வருஷம் 94,000 பேருக்கு குடியுரிமை குடுக்கிற சட்டம் வந்துச்சு. அவரு அப்ப அமைச்சரா இருந்தாரு, நாட்டு நெலமையும் வேற, அதெல்லாம் சரிதான். ஆனாலும் என் கணக்குப்படி 52க்கும் 86க்கும் உள்ள பெரிய வித்தியாசம் எடம்தான். ஒண்ணு கொழும்புல உக்காந்துச்சு, மத்தது கொழுந்துல கை வச்சுது.

அமைதியா இருந்தா அடி விழாதுன்னு நான் சொல்ல வரல. 1940ல முல்லோயா தோட்டத்துல தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் சூட்டுல செத்தாரு. 2022 மே 9ம் தேதி கொழும்பு காலிமுகத்திடல்ல ஜனாதிபதி போகணும்னு சும்மா கூடாரம் போட்டு இருந்த பிள்ளைகள ஆட்சிக்காரங்க ஆளுங்க பொல்லு எடுத்துட்டு வந்து அடிச்சத நாடே லைவ்ல பாத்துச்சு. அடி வரும்னு தெரிஞ்சுதான் எறங்கணும், அதுக்குத்தான் முன்னாடியே ஒரு லோயர் நம்பர், வீடியோ எடுக்க போனோட ரெண்டு பேரு, பொடியன்கள புடிச்சு நிறுத்த வயசான நாலு பேரு வேணும். 2018ல இதே காலிமுகத்திடல்ல கறுப்பு சட்டையோட நாள் சம்பளம் 1000 ரூபா கேட்டு நம்ம பிள்ளைங்க நின்னாங்களே, கொழும்பு கடையில வேலை செய்றவங்கதான் நெறைய பேரு, அதுக்கு அறிக்கை விட உங்கள தேடிக்கிட்டா இருந்தாங்க? 1000 ரூபா கைக்கு வர 2021 ஆச்சு, அதுவும் அரசாங்கத்தோட சம்பள சபை வழியா.

இப்ப கேட்க வேண்டியத கேட்டுடுறேன். எங்ககிட்ட சந்தா வாங்குறீங்க, அதுல போராட்ட நாளுக்குன்னு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க? வேலை நிறுத்தம் அஞ்சாவது நாளுக்கு மேல போனா கடைக்காரன் கணக்குல சாமான் குடுக்கிறத நிறுத்திடுவான், ஆறாவது நாள் சனம் தானாவே பெரட்டுக்கு, அதான் காலையில வேலைக்கு பேர் குடுக்கிற எடத்துக்கு, போயிடும், அப்ப துரோகின்னு திட்டுறீங்க. சீட்டு புடிச்சே மகளுக்கு கல்யாணம் பண்ணி வைக்கிற பொம்பளைங்க இருக்கிற தோட்டத்துல போராட்டத்துக்கு அரிசி சேர்க்க முடியாதா? முடியும், ஆனா அவங்கள கூப்பிட்டு கேக்கணும். கொழுந்தெடுக்கிறது முக்காவாசி பொம்பளைங்க, மேடையில பாத்தா ஆம்பளைங்க வரிசை, மாதர் அணி தலைவி ஓரத்துல மாலை எடுத்துக் குடுக்க நிக்கிறாங்க. எந்த நாள் நிறுத்தணும், எத்தன நாள் தாங்கும்னு அவங்கதான் சொல்லணும்.

பதில அறிக்கையா விட வேணாம், தோட்டத்துக்கு வந்து பெரட்டுக்களத்துல நின்னு சொல்லுங்க. அடுத்த சந்தா வாங்குறதுக்கு முன்னாடி வந்தீங்கன்னா நல்லது.

இப்படிக்கு,
கொழுந்தெடுக்கிற அம்மா ஒருத்தியோட மக, ஹட்டன் பக்கம்