பழைய சொகுசுக் காருக்கு ஷோரூம் காலத்துச் செலவு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலூர், புதுச்சேரி ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் பத்து லட்சத்தை ஒட்டிய விலைக்கு நான்கைந்து வயது பிரெஸ்ஸா, நெக்ஸான் போன்ற காம்பாக்ட் எஸ்.யூ.வி. கிடைக்கிறது. அதே பணத்துக்குப் பத்து வயது பி.எம்.டபிள்யூ 320டி சொகுசு செடானும் பக்கத்திலேயே நிற்கிறது. பலரும் செடான் பக்கம் சாய்வதால் இதை எழுதுகிறேன். இறங்கியிருப்பது வண்டியின் விலை மட்டுமே. பாகங்களின் விலை இறங்கவில்லை.

320டி டீசல் இன்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. அது தளர்ந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் கை வைக்க முடியாது. கூலியே பெரிய தொகையாகிவிடும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்பக்கம் உரசல் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவதே நல்லது. எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிக்கு ஆயிலே மாற்ற வேண்டாம் என்பார்கள். அதைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் அடித்தட்டோடு சேர்ந்தே வருவதால் தட்டையும் புதிதாகப் போட வேண்டும். இந்த வேலைக்கான பில் இல்லையென்றால், அந்தச் செலவை விலையிலேயே குறைத்துக் கேளுங்கள்.

நம் பக்கத்தில் வெள்ளச் சோதனை கட்டாயம். 2015 மழையிலும், 2024 ஃபெஞ்சல் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரத்தான் செய்யும். புதுச்சேரி ரெயின்போ நகரும் தென்பெண்ணைக் கரையும் எப்படி இருந்தன என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். துணியின் உள்முனையில் சேற்றுக் கறை கோடாகத் தெரியும். முன் சீட்டின் அடி போல்ட்டில் துரு இருக்கிறதா, ஃபியூஸ் பெட்டியின் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, ஸ்டெப்னி குழியில் மண் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 320டி-க்கு பேட்டரியே டிக்கித் தரையில்தான். வயரிங்கும் தாழ்வாக ஓடுகிறது. நனைந்தால் உடனே நிற்காது. பல மாதம் கழித்து ஒன்று மாற்றி ஒன்றாக எச்சரிக்கை விளக்கு எரியும். நெக்ஸானின் தரை இடைவெளி 200 மி.மீ.க்கு மேல்; செடான் அதைவிட நன்றாகவே தாழ்வு.

வண்டியின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் போடும்போது இன்ஜினோடு நிறுத்தாமல் எல்லா மாட்யூலையும் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும்) படிக்கச் சொல்லுங்கள். பிழைக் குறியீடு ஒன்றுகூட இல்லை, ஆனால் ரெடினஸ் சோதனைகள் (வண்டி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்பவை) முடியாமல் நிற்கின்றன என்றால், குறியீடுகளைச் சற்று முன்புதான் அழித்திருக்கிறார்கள்.

டயரிலும் வித்தியாசம் உண்டு. பல சொகுசு செடான்களில் காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர், ஸ்டெப்னியே கிடையாது. பக்கச்சுவர் கிழிந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு நேரத்தில் என்ன செய்வதாம்?

காம்பாக்ட் எஸ்.யூ.வி. எல்லாமே பத்திரம் என்று சொல்லவில்லை. கடலூருக்குள்ளேயே மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் மட்டுமே ஓடிய பி.எஸ்.6 டீசலில், புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி கரி அடைத்திருக்கும், ஊருக்குள் ஓட்டப் பெட்ரோலே போதும். சென்னைக்கும் பெங்களூருக்கும் அடிக்கடி போகிறவர், முழு சர்வீஸ் பதிவோடு, தனியே இரண்டு மூன்று லட்சம் ஒதுக்கி வைத்து வாங்கினால் செடான் நல்ல வண்டிதான். அந்த ஓட்டம் எஸ்.யூ.வி.யில் வராது.

மூன்றாம் நபர் காப்பீடு 1,000 முதல் 1,500 சி.சி. வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய் என 2022-ல் நிர்ணயிக்கப்பட்டது. 320டி இரண்டாவது வகை. புதுச்சேரிப் பதிவான பி.ஒய். எண் வண்டியைக் கடலூருக்குக் கொண்டுவந்தால் படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் தமிழ்நாட்டு எண் எடுத்தாக வேண்டும். வாழ்நாள் வரியை வண்டி புதிதாக இருந்தபோதைய விலையையும் வயதையும் வைத்துத்தான் போடுவார்கள். பத்து லட்சத்துக்கு வாங்கிய ரசீதை அங்கே நீட்டிப் பயனில்லை.

இப்படிக்கு,
வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்