நான்கு வருஷமும் இருங்கள்: எங்கள் கவுன்சிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேற்கு சிட்னியின் கவுன்சிலர்களுக்கும், அவர்களைத் தேடிப் பிடித்து நிறுத்தும் கட்சிக் கிளைகளுக்கும்,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் ஈமெயிலில் ஏற்கெனவே இருக்கிறது. பொங்கல் விழா மேடையில் எங்கள் மொழியை அவ்வளவு புகழ்ந்தீர்களே, அதனால் தமிழிலும் ஒன்று.

சென்ற வாரம் எங்கள் தபால்பெட்டியில் ஒரு துண்டுப் பிரசுரம் கிடந்தது. பளபளப்பான தாள், தெரிந்த முகம். 2024 செப்டம்பர் 14, கவுன்சில் தேர்தல் அன்று பள்ளிக்கூட வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தெருவுக்கு நான் பொறுப்பு" என்று சொன்ன அதே கவுன்சிலர். இப்போது 2027 மார்ச் மாநிலத் தேர்தலுக்கு அவர் வேட்பாளராம். மெட்ரோ, ஆஸ்பத்திரி, வீட்டு வாடகை எல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. தெருவைக் காணோம்.

நான்கு வருஷத்துக்கென்று ஓட்டு வாங்கிய கவுன்சிலர்கள் பாதியிலேயே பெரிய பதவிக்குக் கிளம்பிவிடும் கதை உங்களுக்கே தெரியும். அதனால் எங்கள் வீட்டு விஷயம் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவின் நடைபாதை பஸ் ஸ்டாப்புக்கு ஆறு வீடு முன்னாலேயே நின்றுவிடுகிறது. அப்புறம் வெறும் புல். என் அம்மாவுக்கு 78 வயது, வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். மழை பெய்தால் சக்கரம் புல்லுக்குள் புதைந்துவிடும். அதைத் தூக்கி வைக்க அவர் கையில் பலம் இல்லை. ஆகவே சாலையில் இறங்கி, ஓரமாக நிறுத்தியிருக்கும் கார்களைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார். வியாழக்கிழமை குப்பைத் தொட்டிகளும் சேர்ந்துகொள்வதால் அன்று வெளியே போவதே இல்லை. வாக்கர் கூடையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பையும் மாற்றுச் செருப்பும் இருக்கும். ஸ்டாப்பில் உட்கார்ந்து, சேறு அப்பிய செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு முடிச்சுப் போட்ட பிறகுதான் பஸ் ஏறுவார். "பாவம், அந்த டிரைவர்தானே பெருக்கணும்" என்பார். அடுத்தவர் வேலையைப் பற்றி இந்த ஊரில் கவலைப்படுகிற ஒரே ஆள் அவர்தானோ என்று எனக்குச் சில சமயம் தோன்றும்.

2022இல் ஒரு கவுன்சிலர் வந்தார். நல்ல மனிதர். தானே அடி வைத்து நீளத்தை அளந்தார். அம்மாவோடு நின்று படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். டீ குடித்து, இரண்டு முறுக்கும் சாப்பிட்டுவிட்டுப் போனார். 2023 மார்ச்சில் மாநிலத் தேர்தலில் நின்று தோற்றார். சரி, இனி நம்ம வேலையைப் பார்ப்பார் என்று நினைத்தோம். அவரோ ஓர் எம்.பி. அலுவலகத்தில் வேலை கிடைத்து ராஜினாமா செய்துவிட்டார். அடுத்த கவுன்சில் தேர்தலுக்குப் பதினெட்டு மாதத்துக்குள் இடம் காலியானால், அமைச்சர் அனுமதித்தால் அதைக் காலியாகவே விட்டுவிடலாம் என்று சட்டம் வைத்திருக்கிறீர்களே, அதன்படி அந்த நாற்காலி 2024 வரை தூசி பிடித்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தால், "பழைய கோரிக்கையை மூடிவிட்டோம், புதிதாக ஒன்று பதியுங்கள்" என்றார்கள். பதிந்தேன். பள்ளிக்கூட வாசலில் கையைப் பிடித்தவர் அந்தப் புது எண்ணைத் தன் போனில் குறித்தும் கொண்டார். அவர்தான் இப்போது தபால்பெட்டியில் சிரிக்கிறார்.

உங்களுக்கு எங்கள் வார்டே ஒரு பஸ் ஸ்டாப். பெரிய பஸ் வந்ததும் ஏறிவிடுகிறீர்கள். அம்மாவுக்கு ஸ்டாப் வரைக்கும் போகவே வழியில்லை.

ஆகவே கேட்பது இதுதான்: நான்கு வருஷம் என்று சொல்லி ஓட்டுக் கேட்டால், நான்கு வருஷமும் இருங்கள்.

மேலே போக ஆசைப்படுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. பின்னாளில் மத்திய அமைச்சரான கிறிஸ் போவன் ஃபேர்ஃபீல்டில் மேயராக இருந்தவர். அவரைப் போலவே மத்திய அமைச்சரான மிஷெல் ரோலண்ட் பிளாக்டவுன் கவுன்சிலில் இருந்தவர். பாரமட்டா லார்ட் மேயர் டோனா டேவிஸ் 2023இல் மாநில எம்.பி. ஆனார். மெல்பர்னில் நம் சமந்தா ரத்னம் மோர்லாண்ட் மேயராக இருந்து, விக்டோரியா மேலவைக்குப் போய், பசுமைக் கட்சிக்குத் தலைமை தாங்கி, 2025 மத்தியத் தேர்தலில் வில்ஸ் தொகுதியில் கொஞ்சத்தில் தோற்றபோது எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு ஆறிப்போனது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்தப் போட்டிக்காக அவர் விட்டுவந்த மேலவை இடத்துக்கு உடனே வேறொருவரை நியமித்துவிட்டார்கள். மேலவை நாற்காலி என்றால் அவசரம், எங்கள் தெரு நாற்காலி என்றால் தூசி.

கட்சிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2022 மத்தியத் தேர்தலில், நம் மேற்கு சிட்னியின் ஃபவுலர் தொகுதிக்கு, சிட்னியின் வடகோடியில் இருக்கும் ஸ்காட்லாண்ட் தீவிலிருந்து முன்னாள் மாநில முதல்வர் கிறிஸ்டினா கெனீலியை லேபர் கட்சி கொண்டுவந்து இறக்கியது. அசைக்க முடியாத லேபர் கோட்டை என்றார்கள். ஃபேர்ஃபீல்ட் துணை மேயராக இருந்த டாய் லீ சுயேச்சையாக நின்று ஜெயித்தார். பத்து வருஷம் கவுன்சிலில் உட்கார்ந்திருந்தவரை அந்த ஊர் ஜனங்களுக்கு முகம் பார்த்தே தெரியும். இருந்து வேலை செய்தால் ஓட்டும் விழுகிறது என்பதை உங்கள் கணக்குப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கவுன்சிலராகவும் மாநில எம்.பி.யாகவும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று 2012இல் சட்டம் வந்தபோது, இரண்டிலும் இருந்த க்ளோவர் மூர் எம்.பி. பதவியை விட்டுவிட்டு சிட்னி மாநகர மேயர் பதவியைத்தான் வைத்துக்கொண்டார். 2024இல் ஆறாவது முறையாக ஜெயித்தார்.

எங்கள் மேலும் தப்பு இருக்கிறது. கவுன்சிலர் என்று யார் வந்தாலும் பொன்னாடை போர்த்தி, "அடுத்து பார்லிமென்ட்தானே?" என்று கேட்கிறவர்கள் நாங்கள்தான். நீங்களும் "வணக்கம்" சொல்லிவிட்டு, பொங்கல் பானை பொங்குவதற்குள் அடுத்த விழாவுக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். 2024இல் லிபரல் கட்சி 16 கவுன்சில்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வேட்பாளர்களின் மனுவை நேரத்துக்குக் கொடுக்கவே தவறியது. சொந்த வேட்பாளர்களையே மறக்கிறவர்களுக்கு ஆறு வீட்டு நீளப் புல்தரை எங்கே நினைவிருக்கும்! ஓட்டுப் போட மறந்தால் எங்களுக்கு 55 டாலர் அபராதம். ஓட்டை வாங்கிக்கொண்டு பாதியில் போகிறவருக்கு? வழியனுப்பு விழா.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

பணிவாகவே கேட்கிறேன். 2028 வரை இருக்க முடியாது என்று முன்பே தெரிந்தால், அதை ஓட்டுக் கேட்கும் தாளிலேயே ஒரு வரியில் போட்டுவிடுங்கள். பிறகு போடுவதா வேண்டாமா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இடையில் போகத்தான் வேண்டும் என்றால், முடியாமல் கிடக்கும் கோரிக்கைகளை எண்ணோடு எழுதி, வார்டின் மற்ற கவுன்சிலர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் இருக்கவே இருக்கிறது என் முதல் வேண்டுகோள்: நான்கு வருஷமும் இருங்கள்.

இடத்தைப் பார்க்க வருவதாக இருந்தால் வியாழக்கிழமை வாருங்கள். அன்றைக்கு அம்மா வீட்டில்தான் இருப்பார். மாற்றுச் செருப்பு ஒன்று கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வார்டில் வரி கட்டும் ஒருவர்