பெர்லினிலிருந்து தோழிக்கு: ரெகீனா யோனாஸைப் பற்றி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, நீ மறுபடியும் பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்துவிட்டாய் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு ஆபீசில் வேலை அதிகம். பேரன் காலையில் தமிழிலும் சாயங்காலம் ஜெர்மனிலும் சண்டை போடுகிறான். பகலில் வீடு அமைதியாக இருப்பதால் நிறையப் படிக்கிறேன், முடிந்தபோது நடக்கிறேன்.

நீ கொச்சிக்குப் போனதைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மட்டாஞ்சேரி ஆலயத்தின் நீல ஓட்டுத் தரையைவிட, மாடியில் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்த இடம்தான் உன் மனதில் தங்கியது என்றாய். "யூதப் பெண்கள் மேலே உட்கார்ந்து கேட்டதோடு சரியா, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெண் யாராவது உண்டா?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. நான் பெர்லினில் உட்கார்ந்திருக்கும்போது நீ இதைக் கேட்டது இன்னும் நல்லது. ஏன் என்று கீழே படித்தால் தெரியும்.

முதலில் நீ பார்த்த மாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோரா என்ற யூத வேதத்தை வாசிக்கும் மேடை ஆலயத்தின் நடுவில் கீழே ஒன்று இருப்பது எங்கும் உள்ள வழக்கம். கேரளத்து யூத ஆலயங்களில் மாடியிலும், பெண்கள் பகுதிக்கு முன்னால், இன்னொரு மேடை உண்டு. பண்டிகை நாட்களில் அங்கிருந்து வாசிப்பார்கள். அப்புறம் பாட்டு. பெண் பாடும் குரலை ஆண்கள் கேட்கக் கூடாது என்று வைதீக யூதர்கள் பல இடங்களில் கடைப்பிடிக்கிறார்கள். கொச்சிப் பெண்களோ கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் எதிரிலேயே மலையாளத்தில் பாடினார்கள். வேதக் கதைகள், மணப்பெண் வாழ்த்து, ஆலயம் கட்டிய வரலாறு எல்லாம் அந்தப் பாட்டுகளில் இருக்கின்றன. கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் அவை தாயிடமிருந்து மகளுக்கு வந்தன. 1951-இல் கொச்சியிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபோன ரூபி டேனியல் என்ற பெண்மணி, வயதான பிறகு உட்கார்ந்து அவற்றில் பலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அந்த நோட்டுகளை நான் கற்பித்தலாகத்தான் பார்க்கிறேன். ஒரு சமூகத்தின் குழந்தைகள் தங்கள் வேதக் கதையைத் தாய்மொழியில் யாரிடம் கேட்டார்கள் என்று யோசித்துப் பார்.

சரி, பெர்லினுக்கு வருகிறேன். இங்கே கிரவுஸ்னிக் தெரு என்று ஒரு சின்னத் தெரு உண்டு. 6-ஆம் எண் வீட்டில் ரெகீனா யோனாஸ் வாழ்ந்ததாக ஒரு நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். பழைய பெரிய யூத ஆலயம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். உலகத்தில் முறைப்படி ரபியாக நியமனம் பெற்ற முதல் பெண் இவர். ரபியின் வேலை பூசை செய்வதில்லை. சட்டத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்வது, கற்பிப்பது, பிரசங்கம் செய்வது, நோயிலும் சாவிலும் குடும்பத்தோடு நிற்பது என்று எல்லாம் சேர்ந்த பொறுப்பு அது.

1902-இல் இந்த நகரத்தின் ஏழை யூதக் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா தெருத்தெருவாகப் பொருள் விற்றவர், ரெகீனா சிறுமியாக இருக்கும்போதே இறந்துவிட்டார். ரெகீனா ஆசிரியைப் பயிற்சி முடித்து, மதபாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்துக்கொண்டே, ரபிகளை உருவாக்கும் உயர்கல்விக் கூடத்தில் சேர்ந்தார். அங்கே வேறு பெண்களும் படித்தார்கள். ஆனால் ஆசிரியைப் பட்டத்தோடு போய்விடுவதுதான் வழக்கம். தனக்கு ரபி ஆக வேண்டும் என்று சொன்னவர் இவர்.

1930-இல் அவர் கொடுத்த ஆய்வேட்டின் தலைப்பே கேள்விதான்: பெண் ரபி பதவி வகிக்கலாமா? இதில் எனக்குப் பிடித்த விஷயம் அவர் வாதாடிய வழி. காலம் மாறிவிட்டது, பழைய சட்டத்தைத் தள்ளிவைப்போம் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். பழைய சட்ட நூல்களையே வரி வரியாக எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றுக்குள்ளிருந்தே பதில் தேடினார். முன்முடிவையும் பழக்கமின்மையையும் தவிர, பெண் ரபி ஆவதைச் சட்டப்படி தடுப்பது ஏறக்குறைய எதுவும் இல்லை என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு. அவர் பக்திமான், கட்டுப்பாடுகளை மதித்தவர். அதனால்தான் அந்த ஆய்வேட்டுக்கு அத்தனை பலம் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரியே வீட்டுச் சாவியைக் கேட்பதுபோல இருக்கிறது அது.

ஆய்வேட்டை ஏற்றுக்கொண்ட பேராசிரியர் எடுவர்ட் பானெத் அதே ஆண்டில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்தவர் பெண்ணுக்கு நியமனம் தர உடன்படவில்லை. மதபாட ஆசிரியை என்ற சான்றிதழ் மட்டும் கிடைத்தது. ஐந்து வருஷம் காத்திருந்தார். கடைசியில் 1935 டிசம்பர் 27 அன்று, ஒஃபென்பாக் நகரத்து ரபி மாக்ஸ் டீனமன் அவருக்குத் தேர்வு வைத்து ரபியாக நியமித்தார். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த, நாஜிகளின் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆரம்பத்தில் பெரிய ஆலயத்தின் பிரசங்க மேடை அவருக்கு எளிதில் கிடைக்கவில்லை. பள்ளிகளில் பாடம், யூத மருத்துவமனையிலும் முதியோர் இல்லங்களிலும் ஆறுதல் என்று அவருடைய வேலை ஓடியது. பிறகு ரபிகள் பலர் கைதானார்கள், பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். அந்தக் காலியிடங்களை இவர் நிரப்பினார். பிரவுன்ஷ்வைக், பிரேமன் என்று ரபி இல்லாத ஊர்களுக்கெல்லாம் போய்ப் பேசினார். மக்கள் அவரை "செல்வி ரபி" என்று அழைத்தார்கள். திறமையையும் அழைப்பையும் மனித நெஞ்சில் வைத்தபோது கடவுள் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை என்ற கருத்தை 1938-இல் ஒரு பத்திரிகைக்கு எழுதினார். அந்த வருஷம் இந்த ஊர் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். அப்போதும் ஒரு பெண் இப்படித் தெளிவாகப் பேசினாள் என்பதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன்.

பிறகு தொழிற்சாலையில் கட்டாய வேலை. 1942 நவம்பரில் அவரையும் அம்மாவையும் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலோடு சேர்ந்து வேலை செய்தார். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள், அதிலும் வயதானவர்கள், அந்த இடத்தைப் பார்த்ததும் இடிந்துபோவார்கள். அவர்களை எதிர்கொண்டு பேசித் தேற்றுவது இவர் பொறுப்பு. சொற்பொழிவும் ஆற்றினார். அவர் கைப்பட எழுதிய தலைப்புப் பட்டியல் இன்றும் அந்த ஊர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது: வேதத்துப் பெண்கள், தல்முத் (யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பு), பண்டிகைகள் என்று இருபதுக்கும் மேற்பட்ட தலைப்புகள். பசியும் சாவும் சூழ்ந்த இடத்தில் தல்முத் பாடம் நடத்தியவரைக் கற்பித்தவர் என்று சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது? 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். வயது 42.

எனக்கு ஆறாத விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. அவரை அறிந்தவர்களில் சிலர் பிழைத்திருந்தார்கள். ஜெர்மன் யூதர்களின் தலைவராக மதிக்கப்பட்ட ரபி லியோ பெக் இருந்தார். யோனாஸின் நியமனச் சான்றைப் பின்னாளில் உறுதிசெய்து கையொப்பமிட்டவரே அவர்தான். ஃபிராங்கல் 1997 வரை வாழ்ந்தார். போருக்குப் பிறகு அவர்கள் எழுதி உலகம் படித்தவற்றில் யோனாஸின் பெயர் இல்லை. 1972-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் சாலி பிரீசண்ட் ரபி ஆனபோது, வரலாற்றிலேயே முதல் பெண் என்று பலரும் கொண்டாடினார்கள். பிரீசண்டின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் படித்த சின்சினாட்டி ரபிக் கல்லூரி அதற்கு முன் கதவடைத்த கதையும் உண்டு. 1920-களில் மார்த்தா நியூமார்க் என்ற மாணவி அங்கே படித்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டார். பெண்ணுக்கு மறுக்க நியாயம் இல்லை என்று 1922-இல் சீர்திருத்த ரபிகளின் மாநாடே சொன்னது. ஆனாலும் அடுத்த வருஷம் கல்லூரி நிர்வாகக் குழு ஆண்களுக்கு மட்டும்தான் என்று முடிவு செய்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டு அப்படியே போனது.

யோனாஸ் தெரேசியன்ஷ்டாட்டுக்குப் போகும் முன் தன் காகிதங்களைச் சமூக அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தார். சுவர் இடிந்து கிழக்கு பெர்லின் காப்பகம் திறந்த பிறகு, 1991-இல், கத்தரீனா ஃபான் கெல்லன்பாக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அவற்றைக் கண்டெடுத்தார். ஆய்வேடு, நியமனச் சான்று, கடிதங்கள், சில புகைப்படங்கள். அவ்வளவு நாள் அவை பெட்டிக்குள் கிடந்தன.

பெண்களிடம் படிப்பு இல்லாமல் இருந்ததில்லை என்பது எனக்கு இப்போது உறுதியாகப் படுகிறது. தல்முதிலேயே புரூரியா வருகிறாள். கெட்டவர்கள் சாக வேண்டும் என்று வேண்டிய கணவர் ரபி மேயரிடம், பாவங்கள் ஒழிய வேண்டும் என்று வேண்டுங்கள், கெட்டவர்கள் தாமாகத் திருந்திவிடுவார்கள் என்று வேத வசனத்தை வைத்தே திருத்துகிறாள். குர்திஸ்தானில் 17-ஆம் நூற்றாண்டில் அசெனாத் பர்சானி இருந்தார். ரபியான அவருடைய அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. மகளுக்கே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். கல்யாணத்தின்போது இவளை வீட்டு வேலையில் போடக் கூடாது என்று மாப்பிள்ளையிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். (அந்த அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்!) கணவர் இறந்த பிறகு மோசூல் கல்விக்கூடத்தை அசெனாத்தே நடத்தினார். கடன்காரர்கள் வந்து புத்தகங்களைக்கூட எடுத்துப் போனதை, உதவி கேட்டு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அருமையான எபிரேயத்தில் அந்த வேதனையை எழுதியிருக்கிறார். இப்படி ஒருத்தி இருந்தாள் என்ற நினைவு அடுத்தவளுக்குப் போய்ச் சேராததால், ஒவ்வொருத்தியும் முதல் ஆளாகவே நின்று, முதல் ஆளாகவே வாதாட வேண்டியிருந்தது.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். யூத மதத்தின் சீர்திருத்தப் பிரிவுக்குப் பின் மிதவாத (கன்சர்வேடிவ்) பிரிவிலும் 1985-இல் ஏமி ஐல்பெர்க் ரபி ஆனார். இந்த இரண்டிலும் இது இப்போது சாதாரண விஷயம். வைதீகப் பிரிவில்தான் இழுபறி. பெண்களுக்கு நியமனம் தர நியூயார்க்கில் 2009-இல் ஒரு கல்விக்கூடம் தொடங்கினார்கள். பெரிய வைதீக அமைப்புகள் அதை இன்னும் ஏற்கவில்லை.

நெஹாமா லைபோவிட்ஸைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை, ஏனென்றால் அவர் உனக்கானவர். யோனாஸ் இங்கே படித்துக்கொண்டிருந்த அதே 1920-களில் நெஹாமாவும் பெர்லினில் படித்தார். 1930-இல் எருசலேமுக்குப் போனார். வைதீகப் பெண், ரபிப் பட்டம் கேட்டதில்லை. 1942-லிருந்து ஏறக்குறைய முப்பது வருஷம், அந்த வாரத்துத் தோராப் பகுதியின் மேல் கேள்விகள் எழுதி ஒரு தாள் தயாரித்தார். கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் போகும். பதில் எழுதி அனுப்பினால் அவரே படித்துச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார். விவசாயி, சிப்பாய், வீட்டுப் பெண், ரபி எல்லோருக்கும் ஒரே தாள்தான். விரிவுரைகளை விட்டு அவர் கேள்விகளை நம்பினார். உரையாசிரியர் ரஷி இந்த வரியில் ஏன் நின்றார், எது அவருக்கு உறுத்தியது என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நீயே மூலத்தைத் திறந்து படித்தாக வேண்டும். 1956-இல் இஸ்ரேல் பரிசு கொடுத்தார்கள். 1997-இல் இறந்தார்.

நெஹாமாவைக் காட்டி, பார், ரபிப் பட்டம் இல்லாமலே சாதிக்கவில்லையா, பெண்களுக்கு எதற்குப் பதவி என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. நெஹாமா போன்ற மேதைக்கு அது போதும். நம்மைப் போன்ற சாதாரண ஆசிரியைகளுக்குச் சம்பளமும் மேடையும் அதிகாரமும், கடைசியில் ஏட்டில் ஒரு பெயரும் வேண்டும். யோனாஸ் தன் சான்றிதழைப் பத்திரப்படுத்தியதை அதனால்தான் அவ்வளவு மதிக்கிறேன்.

உன் சனிக்கிழமைக் குறள் வகுப்புக்கு நெஹாமாவின் முறை பொருந்தும் என்று தோன்றுகிறது. நீயே பொருள் சொல்லி முடித்துவிடாமல், இரண்டு உரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து, இவர் எங்கே நின்றார், அவர் ஏன் வேறு வழியில் போனார் என்று கேட்டுப் பார். எழுதிக்கொண்டு வரச் சொல். முதல் தாளை நானே தயாரித்து இத்துடன் வைத்திருக்கிறேன், ஆறு கேள்விகள். கடைசி இரண்டும் கடினமானவை. நேரமிருக்கிறவர்கள் செய்தால் போதும். ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடு. அவர்கள் எழுதிய பதில்களைப் போனில் படமெடுத்து அனுப்பு, நானும் படித்துக் குறிப்பு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி