வி.பி.க்காக வந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் கிரிக்கெட் ஆடிய வி.பி. சந்திரசேகர் நினைவாகப் பள்ளிப் பையன்களுக்கு நாங்கள் நடத்திய ஒருநாள் போட்டி நல்லபடியாக முடிந்தது. அவர் பிறந்த ஆகஸ்ட் 21-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, நான்கு அணிகள், மூன்று ஆட்டங்கள். எங்கள் கையில் இருந்தது ஆசை மட்டும்தான். மற்றதெல்லாம் நீங்கள் கொண்டுவந்தது.

மூன்று நாள் இருக்கும்போது, தருவதாகச் சொல்லியிருந்த மைதானம் கைவிட்டுப் போனது. விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தோம். அன்று சாயங்காலமே தன் பள்ளி மைதானத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மாவுக்கு முதல் நன்றி. "பையன்கள் விளையாட வர்றாங்க, இதுக்கு எதுக்கு சார் லெட்டர் எல்லாம்" என்று சொல்லி, சாவியைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அப்புறம் மழை. சனிக்கிழமை ராத்திரி கொட்டித் தீர்த்துவிட்டது. விடியற்காலை ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தால், பந்துவீச்சாளர் கால் ஊன்றும் இடத்தில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. மரக்கடை அண்ணாச்சிக்கு போன் போட்டோம். கடையைத் திறந்து, ஆறு மூட்டை மரத்தூளை மீன்பாடி வண்டியில் ஏற்றி, தானும் கூடவே வந்தார். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சாக்கால் தண்ணீரை ஒற்றி எடுத்து, தூளைக் கொட்டி மிதித்து, ஆடுகளத்து மேட்டிங் விரிப்பை இழுத்துப் பிடித்து ஆணி அடித்தார். எட்டரைக்கு முதல் பந்து விழுந்தது. அண்ணாச்சி காசு வாங்க மறுத்துவிட்டார். இங்கே அவருக்கு எங்கள் வணக்கம்.

ஸ்கோர் எழுத வந்த ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்கோர் எழுத ஆள் இல்லை என்று கேள்விப்பட்டுத் தானாகவே வந்தார். வரும்போது பழைய நீள நோட்டு ஒன்றையும் கொண்டுவந்தார். 1988-இல் சேப்பாக்கத்தில் தமிழ்நாடும், மற்ற மாநில ஆட்டக்காரர்கள் சேர்ந்த ரெஸ்ட் ஆஃப் இந்தியா அணியும் மோதிய இரானி கோப்பை ஆட்டத்தை கேலரியில் உட்கார்ந்து தனக்காக எழுதி வைத்த நோட்டு. தாள் பழுத்துப்போய், ஓரமெல்லாம் உதிர்கிறது. மற்ற பக்கங்களில் எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கிறது. வி.பி. ஆடிய பக்கத்தில் மட்டும் எண்கள் பெரிதாகி, கட்டத்தைத் தாண்டிப் போகின்றன. வியர்வை பட்டு ஒரு இடத்தில் மை கலைந்திருக்கிறது. 56 பந்தில் சதம். முதல்தர ஆட்டத்தில், அதாவது ரஞ்சி, இரானி மாதிரி பல நாள் நடக்கும் பெரிய ஆட்டத்தில், இந்தியர் ஒருவர் அதைவிட வேகமாகச் சதம் அடிக்க 2016-இல் ரிஷப் பந்த் வரவேண்டியிருந்தது. அந்தப் பக்கத்தைப் பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தனும் தொடவில்லை, ஐயா தொடச் சொன்ன பிறகும்.

சாப்பாட்டு இடைவேளையில் பேசிய பழைய லீக் ஆட்டக்காரருக்கும் நன்றி. 1987-88-இல் ரயில்வேஸை வென்று, 33 வருடம் கழித்துத் தமிழ்நாடு உள்நாட்டு அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியதையும், ஸ்ரீகாந்தும் வி.பி.யும் தொடக்கத்தில் இறங்கினால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தவித்ததையும் அவர் சொன்னபோது எனக்கே மறுபடியும் பதினைந்து வயதானது போல இருந்தது. அப்போது ஸ்ரீகாந்த் அடித்தால் ஊருக்கே தெரியும். வி.பி. அடித்ததைப் பார்க்க மைதானத்துக்குப் போயிருக்க வேண்டும். இந்தியாவுக்கு ஏழே ஒருநாள் ஆட்டம்தான் அவருக்குக் கிடைத்தது. அது போதாது என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பையன்களுக்குத் தெரிந்ததோ தோனி. 2008 ஐ.பி.எல். ஏலத்தில் தோனியைச் சென்னைக்கு எடுத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் இவர்தான் என்றதும் சாப்பிட்ட கை அப்படியே நின்றது. அதற்கு முன்பு தேசியத் தேர்வுக் குழுவிலும் இருந்தார், 'விபிஸ் நெஸ்ட்' என்று அகாடமி நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார் என்பதையும் கேட்டுக்கொண்டார்கள்.

2019 ஆகஸ்ட் 15-இல் அவர் காலமானார். 58 வயது நிறைய ஆறே நாள் பாக்கி. பேசிய யாரும் அந்தக் கடைசி நாளைத் தொடவில்லை. அவர் ஆட்டத்தைப் பற்றி மட்டுமே பேசினீர்கள். அதற்காகத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று அன்று ராத்திரியே நினைத்துக்கொண்டேன்.

சாம்பார் சாதமும் தயிர் சாதமும் கட்டிக்கொடுத்த மூன்று வீட்டுக்காரர்கள், வெயிலில் நாள் முழுக்க நின்ற இரண்டு நடுவர்கள், ஷாமியானா போட்ட தம்பிகள், எல்லாருக்கும் நன்றி.

கடைசியாக ஒரு உறை. மருந்துக்கடை நடத்தும் நண்பர், குறைந்த பந்துகளில் 30 ரன் எடுப்பவனுக்குக் கொடுங்கள் என்று தந்தது. ஐந்தாயிரம் இருக்கும் என்று நினைத்து, நம் ஊர் வழக்கப்படி மேலே ஒரு ரூபாய் வைக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "எண்ணித்தான் வச்சிருக்கேன். 4999. அவர் முதல்தர ஆட்டத்துல மொத்தம் எடுத்த ரன்."

81 ஆட்டம், 10 சதம், 4999 ரன். எனக்குத் தெரிந்த கணக்குதான். மொய்க்கவரில் ஒரு ரூபாய் வைக்காமல் யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை என்பதால் அந்த நிமிஷம் தொண்டை அடைத்துக்கொண்டது.

பரிசு வாங்கிய பையன் ஒன்பதாம் வகுப்பு. மேடைக்குப் பின்னால் போய் எண்ணிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "சார், ஒரு ரூபா குறையுது." மருந்துக்கடை நண்பர் அவன் தோளில் கை போட்டு ஸ்கோர் மேஜைக்குக் கூட்டிப் போனார். ஐயா மறுபடியும் அந்த நீள நோட்டைத் திறந்தார். மூன்று பேரும் அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஷாமியானாவைப் பிரித்த பிறகும்.