ஸ்போர்ட் சிங்கப்பூருக்கு ஒரு திறந்த மடல்: பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள்

ஸ்போர்ட் சிங்கப்பூர் அதிகாரிகளுக்கும் கலாசார, சமூக, இளையர்துறை அமைச்சின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

என் மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். கொஞ்ச நாள் முன்புவரை வார இறுதிகளில் ஒரு தனியார் காற்பந்துக் குழுவில் விளையாடிக்கொண்டிருந்தாள். இந்த மடலுக்குக் காரணம் அந்தக் குழுதான் என்றாலும் அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதை நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் எந்த விதியையும் மீறவுமில்லை. மீறுவதற்கு ஒரு விதியே இல்லாததுதான் என் குறை. அந்த விதியை எழுத வேண்டியவர்கள் நீங்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் பெண்கள் அணியை ஜோகூருக்கு ஒரு போட்டிக்கு அழைத்துப்போவதாகச் சொன்னார்கள். இரண்டு இரவு ஹோட்டலில் தங்க வேண்டும். உடன் போகிறவர்கள் பயிற்றுவிப்பாளர், அணி மேலாளர், சில மாதங்களுக்கு முன்பு வந்து சேர்ந்த ஒரு தொண்டூழியர். மூவரும் ஆண்கள். பிள்ளைகளுக்கு 12, 13 வயது. இவர்களுடைய பின்னணியை யாராவது விசாரித்தீர்களா என்று செயலாளரிடம் கேட்டேன். “அக்கா, நம்ம ஆளுங்கதானே, எல்லாரையும் எங்களுக்குத் தெரியும்” என்றார். அந்தத் தொண்டூழியர் இதற்கு முன்பு எந்தக் குழுவில் இருந்தார் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

அன்று இரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. நம்பிக்கை இல்லாதவர்கள் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். என் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் யாரைச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். என் மகளுக்கும் தெரிந்தது. “நீ ஏம்மா கேட்டே?” என்று அழுதாள். அவள் ஜோகூருக்குப் போகவில்லை. அதன் பிறகு திடலுக்கும் போக மறுத்துவிட்டாள். ஒரு தாய் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. அதைக் கேட்டதற்கு ஒரு சிறுமி தன் அணியை இழந்தாள்.

உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அந்தத் தொண்டூழியரே ஒருநாள் எங்கள் புளோக்கின் கீழே என்னைப் பார்த்து நின்றார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். “எந்தச் சான்றிதழ், எங்கே போய் வாங்கணும்னு சொல்லுங்கக்கா, நாளைக்கே வாங்கித் தர்றேன்” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு இடம் இல்லை. வெளிநாட்டில் குடியேறவோ வேலை பார்க்கவோ போகிறவர்களுக்குக் காவல்துறை தடையின்மைச் சான்றிதழ் தருகிறது. உள்ளூரில் ஒரு காற்பந்துக் குழுவிடம் காட்டுவதற்காக அது வழங்கப்படுவதில்லை. அதாவது இந்த மனிதர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுக்க நினைத்தால் தன்னை நிரூபிக்க வழி உண்டு. ஈசூனில் கற்றுக்கொடுக்க நினைத்தால் இல்லை. அவர் தலைகுனிந்து போனார். நானும் மனம் நொந்துதான் வீட்டுக்கு ஏறினேன். தவறு செய்யாத இரண்டு பேரை ஒருவருக்கொருவர் எதிரில் இப்படி நிறுத்தியது உங்கள் விதிகளில் இருக்கும் இந்த ஓட்டைதான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விளையாட்டில் பயிற்சி தருபவர், உதவியாளர், அணி மேலாளர், நடுவர், உடற்பிடிப்புச் சிகிச்சை தருபவர், பயணத்தில் உடன் போகிறவர் என எல்லோருக்கும் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்குங்கள். சம்பளம் வாங்கினாலும் சரி, தொண்டூழியம் செய்தாலும் சரி. கட்டாயம் என்று ஆகிவிட்டால் கேட்பவருக்கும் சங்கடமில்லை, காட்டுபவருக்கும் அவமானமில்லை.

பின்னணியை அறியாமல் வேலைக்கு விடக்கூடாது என்பது இந்த நாட்டுக்குப் புதிய யோசனை இல்லை. 2017 முதல் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்கள் தொழில் உரிமம் பெற வேண்டும், அதற்குப் பின்னணிச் சோதனை உண்டு. பாலர் பள்ளி ஊழியர்களுக்கு உண்டு. கடைத்தொகுதி வாசலில் நிற்கும் பாதுகாவலருக்கு உண்டு. பள்ளிக்குள் இணைப்பாட நடவடிக்கைக்கு வரும் பயிற்றுவிப்பாளர்களையும் கல்வி அமைச்சு சோதித்துத்தான் உள்ளே விடுகிறது. ஆக, என் மகளைத் திடலுக்கு ஏற்றிச்செல்லும் ஓட்டுநரின் பின்னணி அரசாங்கத்துக்குத் தெரியும். திடலில் இறங்கிய பிறகு அவளுடைய காலைப் பிடித்துத் தசையை இழுத்துவிடுகிறவரின் பின்னணி யாருக்கும் தெரியாது.

தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் சேராமலே ஒருவர் கூட்டுரிமை வீட்டு நீச்சல் குளத்திலோ வாடகைத் திடலிலோ வகுப்பு நடத்தலாம். மேலாளரும் தொண்டூழியரும் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. இத்தகைய புகார்களைக் கவனிக்கப் பாதுகாப்பான விளையாட்டு ஆணையத்தையும் அமைத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் புகாரை ஒரு பிள்ளை கொண்டுவர வேண்டுமென்றால் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஏதோ நடந்திருக்க வேண்டும்.

பெற்றோரே விசாரித்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எப்படி? பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தைக் காக்க நீதிமன்றம் தடை விதிக்கிறது. பயிற்றுவிப்பாளரின் பெயரைச் சொன்னால் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும் வழக்குகளில் அவர் பெயரும் வெளியே வராது. அந்தத் தடை மிக நியாயமானது, அதை ஒருபோதும் தளர்த்தக்கூடாது. ஆனால் அதன் விளைவு என்ன? இணையத்தில் எத்தனை இரவு தேடினாலும் என்னைப் போன்ற ஒரு தாய்க்கு எதுவும் கிடைக்காது. அந்தப் பெயர்கள் அரசாங்கத்திடம் மட்டுமே இருக்கின்றன. எங்களுக்குச் சொல்ல வேண்டாம். எங்கள் சார்பில் நீங்கள் பாருங்கள்.

இங்கிலாந்தில் பேரி பென்னல் என்ற காற்பந்துப் பயிற்றுவிப்பாளர் பல ஆண்டுகள் சிறுவர்களைச் சீரழித்தார். அவர் முதலில் பிடிபட்டது 1994ல், ஃபுளோரிடாவுக்குச் சிறுவர் அணியை அழைத்துச்சென்ற பயணத்தில். வீட்டை விட்டு, பெற்றோரை விட்டு, ஓர் இரவு வெளியூரில். ஜோகூர் ஹோட்டலைப் பற்றி நான் ஏன் அவ்வளவு கேட்டேன் என்பது உங்களுக்குப் புரியும் என்று நம்புகிறேன். அவரிடம் சிறுவயதில் சிக்கிய ஆண்டி வுட்வர்ட் 2016ல் வெளிப்படையாகப் பேசிய பிறகுதான் பலரும் வாய் திறந்தார்கள். 2018ல் பென்னலுக்கு 30 ஆண்டுச் சிறை. அதே ஆண்டு அமெரிக்காவில் லாரி நாசருக்குத் தண்டனை கிடைத்தது. அவர் பயிற்றுவிப்பாளர் இல்லை, சீருடற்பயிற்சி அணியின் மருத்துவர். தண்டனை விசாரணையில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் எழுந்து நின்று பேசினார்கள்.

நாசர் விஷயத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிடிபடும்வரை அவர்மேல் தண்டனை எதுவும் இல்லை. பின்னணிச் சோதனை வைத்திருந்தாலும் அவர் தேறியிருப்பார். அதனால் சோதனை ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக்கூடாது, பெண் பிள்ளைகள் தங்கும் பயணத்தில் ஒரு பெண்ணாவது உடன் வர வேண்டும் என்பதெல்லாம் கூடவே வேண்டும். ஆனால் ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர் வேறொரு பேட்டையில் விசிலை மாட்டிக்கொண்டு புதிதாகத் தொடங்குவதையாவது தடுக்கலாம் அல்லவா?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு ஓர் அனுமதி எண் தருகிறார்கள். ஐந்து ஆண்டு செல்லும், தொண்டூழியர்களுக்கு இலவசம். எண்ணைப் பார்த்தால் அனுமதி உண்டா இல்லையா என்பது மட்டும் குழுவுக்குத் தெரியும். இடையில் புதிதாகக் குற்றம் பதிவானால் அனுமதி மறுபரிசீலனைக்கு வரும். நமக்கும் அந்த அளவு போதும். சிறுவயதில் திருட்டிலோ போதைப்பொருளிலோ சிக்கி, தண்டனை அனுபவித்துத் திருந்திய ஒருவர் பிள்ளைகளுக்குப் பந்து கற்றுக்கொடுப்பதை நான் மனதார வரவேற்பேன். முன்னாள் கைதிகளுக்கு மறுவாய்ப்புத் தரச் சொல்லும் மஞ்சள் நாடா திட்டம் 2004 முதல் சொல்லிவருவதும் அதைத்தானே. பிள்ளைகளுக்கு எதிரான குற்றம், பாலியல் குற்றம், கடும் வன்முறை, இவற்றை மட்டும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பயிற்றுவிப்பாளர் தன் நாட்டுச் சான்றிதழைக் கொண்டுவரட்டும்.

செலவாகும், சிறு குழுக்கள் தாங்காது என்பார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஊக்கமருந்துக்காக நம் வீரர்களின் சிறுநீரைச் சோதிக்க நம்மால் முடிகிறது. சோதனைப் பட்டியலில் உள்ள வீரர் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். 2023ல் சாந்தி பெரேரா ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம் வென்றபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் எழுந்து நின்று கத்தினோம். ஓடுகளத்துக்குப் போக வேண்டும் என்று எத்தனை சிறுமிகள் அன்று ஆசைப்பட்டிருப்பார்கள். ஓடுகிற பிள்ளை சுத்தமாக இருக்கிறாளா என்று பார்ப்பதற்குப் பணமும் ஆளும் சட்டமும் இருக்கின்றன. அவளை ஓடவைக்கிறவரைப் பார்ப்பதற்கு மட்டும் ஏன் இல்லை? பதக்கங்களை எண்ணுவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கு இதற்கும் வேண்டும்.

சரி, கேட்க வந்ததற்கே திரும்புகிறேன். 2020 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் தண்டனைச் சட்டத் திருத்தம், தங்கள் பிடியில் இருக்கும் 16, 17 வயதினரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுபவர்களைத் தண்டிக்கிறது. அந்தப் பிடி எவ்வகை உறவுகளில் வரும் என்று சொல்லும்போது விளையாட்டுப் பயிற்சியையும் சட்டம் குறிப்பிடுகிறது. இந்த ஆபத்து உங்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் தெரியாதது இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. நடந்த பிறகு தண்டிப்பதற்குச் சட்டம் எழுதியவர்கள், நடப்பதற்கு முன் பார்ப்பதற்கும் எழுத வேண்டும்.

சட்டம் வரக் காலம் எடுக்கும் என்பது புரிகிறது. அதுவரை, பொதுத் திடல்களையும் குளங்களையும் வாடகைக்கு எடுக்கும் குழுக்களுக்கு இதை ஒரு நிபந்தனையாக வைக்கலாம். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அழைத்துச்செல்லும் குழுக்கள் உடன் போகிறவர்களின் பெயர்களை முன்கூட்டியே உங்களிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்று வரும் டிசம்பர் விடுமுறைக்கு முன்பே ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். எங்கள் தொண்டூழியரைப் போன்றவர்கள் தாமாக முன்வந்து சோதனைக்கு விண்ணப்பிக்க ஒரு முகப்பையாவது திறக்கலாம். அவர் இன்னமும் அதற்குக் காத்திருக்கிறார்.

இந்த மூன்றில் எதைச் செய்ய முடியும், எப்போது என்று தயவுசெய்து பதில் எழுதுங்கள். அதை நான் அந்த வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும்.

பணிவன்புடன்,
ஈசூனிலிருந்து ஒரு தாய்