கொட்டாத முடி எங்கே போகிறது?

வடவள்ளி, கோவை
ஞாயிறு இரவு

அன்புள்ள தேன்மொழி,

வாட்ஸப்பில் நான்கு வரி தட்டிவிட்டு, "பதிலை போன்ல சொல்லாதே, பழையபடி எழுது" என்று உத்தரவு போட்டிருக்கிறாய். ஹாஸ்டல் காலத்துப் பிடிவாதம் அப்படியே இருக்கிறது உனக்கு. சரி. அத்தை தூங்கிவிட்டார், இவர் மேட்ச் பார்க்கிறார், எங்கள் நாய் புட்டு என் கால் மேல் தலையை வைத்துக் குறட்டை விடுகிறது. எழுத இதைவிட நல்ல நேரம் அமையாது.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கம்பு இல்லாமல் ரேஷன் கடை வரைக்கும் போகிறாள், போய் அங்கே சண்டையும் போடுகிறாள். அப்படியானால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? ஹரி விடிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதமலை அடிவாரம் வரை போய்வருகிறான். படிப்பைப் பற்றிக் கேட்காதே.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நிலாவுக்கு நாய் வேண்டும், ஆனால் அவளுக்கு வீசிங். கண்ணன் அண்ணாவுக்குக் காலையில் கூட ஓட ஒரு துணை வேண்டும். பையனுக்கு லாப்ரடார்தான் வேண்டுமாம். உனக்கு வீட்டில் முடி கொட்டக் கூடாது. கடைக்காரரோ பொம்மை சைஸ் பூடிலைக் காட்டி, "மேடம், இது முடியே கொட்டாத ஜாதி, அலர்ஜியே வராது" என்று சத்தியம் செய்கிறார். அவர் சொன்னதில் முதல் பாதி கிட்டத்தட்ட உண்மை. இரண்டாவது பாதியை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதே.

எங்கள் ராஜாவை உனக்குத் தெரியும். லாப்ரடார். பன்னிரண்டு வருஷம் எங்களோடு இருந்தான். அவனைப் போல ஒரு சாது பிறக்கப் போவதில்லை. ஆனால் அவன் முடி! காலையில் பெருக்கினால் முறம் நிறைய வரும், மத்தியானம் மறுபடி அதே அளவு. என் கருப்புச் சுடிதார், அத்தையின் பூஜை அறை, ஒரு தடவை ரசத்தில்கூட. லாப்ரடாருக்கு இரண்டடுக்கு முடி. மேலே முரடு, அடியில் பஞ்சு. குளிர் நாடுகளில் வருஷத்துக்கு இரண்டு பருவம் கொட்டித் தீர்க்கும் என்பார்கள். நம் ஊரில் பருவம் ஏது, வருஷம் முழுக்கக் கொட்டியது. அவன் போய் ஆறு மாதம் கழித்து, ஊட்டி போவதற்காக ஸ்வெட்டரை எடுத்து உதறினேன். கைப்பக்கம் குத்தி நின்றது ஒரு பொன்னிற முடி. எடுத்துப் போட மனசு வரவில்லை, அப்படியே போட்டுக்கொண்டு போனேன்.

அப்புறம்தான் புட்டு வந்தது. மினியேச்சர் பூடில், பாதாம் நிறம். 'பூடில்' என்று அத்தைக்கு வாயில் நுழையவில்லை. 'புட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தார், அதுவே பெயராகிவிட்டது. புட்டு வந்த பிறகு முறத்தில் முடியே இல்லை. முதல் மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ அதிர்ஷ்டம் அடித்த மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கொட்டாத முடி எங்கே போகிறது என்று நான் யோசிக்கவில்லை, பார்த்தாயா. எந்த நாய்க்கும் முடி வளரும், கொஞ்ச காலம் சும்மா நிற்கும், பிறகு விழும். ராஜாவுக்கு வளரும் காலம் குறைவு. ஓர் அளவு நீளம் வந்ததும் நின்று, விழுந்துவிடும். பூடிலுக்கு நம் தலைமுடி போல, வெட்ட வெட்ட நீளும். விழுகிற கொஞ்சமும் தரைக்கு வராமல், பக்கத்துச் சுருளில் சிக்கிக்கொள்ளும். சிக்கியது புது முடியோடு முறுக்கிச் சடையாகும்.

போன ஐப்பசி மழையில் இது எனக்கு நன்றாகப் புரிந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளும் புட்டுவை யாரும் சரியாகச் சீவவில்லை. ஹரி சீவினான், மேலாக. தடவிப் பார்த்தால் மெத்தென்றுதான் இருந்தது. தினமும் மழையில் நனைவது, துண்டால் தேய்ப்பது, அப்படியே விடுவது. பதின்மூன்றாம் நாள் க்ரூமிங் செய்கிற பெண்ணிடம் கொண்டு போனேன். அவள் ஸ்டீல் சீப்பைக் காதுக்குப் பின்னால் வைத்தாள். சீப்பு உள்ளேயே போகவில்லை. முடியை விலக்கிக் காட்டினாள். தோலை ஒட்டி ஒரு கம்பளிப் போர்வை மாதிரி இறுகிக் கிடந்தது. காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப் பட்டை உரசும் இடத்தில், தொடை இடுக்கில். "இதைச் சீவிப் பிரிச்சா அதுக்கு உசிரு போயிரும்க்கா. வழிச்சுரலாம்" என்றாள். வழித்தாள். உரித்த கோழி மாதிரி வீட்டுக்கு வந்தது. அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, பழனிக்குக் கூட்டிட்டுப் போயி மொட்டை போட்டுட்டு வந்தியா?" என்று கேட்டார். சந்தனம் ஒன்றுதான் பாக்கி.

வழித்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. ஒரு காதின் அடியில் இரண்டு உண்ணி, மிளகு அளவுக்கு ஊதிப் போய். ராஜா உடம்பில் என்றால் கையால் தடவும்போதே தட்டுப்பட்டிருக்கும். சடைக்கு அடியில் இருந்தால் யாருக்குத் தெரியும்? உண்ணிக் காய்ச்சல் நம் ஊர் நாய்களை என்ன பாடு படுத்தும் என்று உனக்குத் தெரியும். ஆகவே, மாதாமாதம் உண்ணி மருந்து. அதில் பேரம் கிடையாது.

இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து சீவுகிறேன். மேலாக அல்ல, முடியை வகிடு எடுக்கிற மாதிரி வரிவரியாகத் தூக்கி, தோல் தெரிகிற இடத்திலிருந்து. முதலில் பிரஷ், பிறகு சீப்பு. சீப்பு தடங்கலில்லாமல் போனால்தான் வேலை முடிந்தது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை முடிவெட்டு, எங்கள் பக்கம் 1500 ரூபாய் ஆகிறது. என் முடிவெட்டுக்கே நான் அவ்வளவு கொடுத்ததில்லை. முறமும் துடைப்பமும் வேண்டாம் என்றால் சீப்பும் நேரமும் வேண்டும். உன் வீட்டில் அந்தச் சீப்பை யார் பிடிப்பார்கள் என்று முதலில் ஒரு கூட்டம் போடு. "நான் பார்த்துக்கிறேம்மா" என்று பிள்ளைகள் சொல்வார்கள். நம்பாதே.

அடுத்து நிலாவின் மூச்சு. முடி என்பது பாதி விஷயம்கூட இல்லை. ஒவ்வாமையைக் கிளப்புவது நாயின் எச்சிலிலும் தோல் பொடுகிலும் சிறுநீரிலும் இருக்கும் புரதங்கள். எல்லா நாய்க்கும் எச்சில் உண்டு, பொடுகு உண்டு. நெதர்லாந்துக்காரர்கள் 2012-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். 'அலர்ஜி வராத ஜாதி' என்று பெயர் வாங்கிய நாய்களையும் சாதாரண நாய்களையும் ஒப்பிட்டார்கள். முக்கியமான அந்தப் புரதம், பெயர் வாங்கிய ஜாதிகளின் முடியில்தான் அதிகமாக இருந்தது. அந்தந்த வீட்டுக் காற்றில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. படித்துவிட்டு எனக்கே திக்கென்றது.

லாப்ரடூடில் கதை தெரியுமா உனக்கு? இப்போது நம் ஊரிலும் அந்தப் பெயரைச் சொல்லி விலை ஏற்றுகிறார்கள். 1980களின் கடைசியில், ஹவாயில் பார்வையில்லாத ஒரு பெண்மணி, வழிகாட்டி நாய் கேட்டு ஆஸ்திரேலியாவில் இருந்த ஓர் அமைப்புக்கு எழுதினார். அவர் கணவருக்கு நாய் முடி ஆகாது. அங்கே வேலை பார்த்த வாலி கான்ரன் பூடில்களைப் பழக்கிப் பார்த்தார், வழிகாட்டும் வேலைக்கு ஒன்றும் சரிப்படவில்லை. கடைசியில் லாப்ரடாரையும் ஸ்டாண்டர்டு என்கிற பெரிய சைஸ் பூடிலையும் சேர்த்தார். அதுதான் லாப்ரடூடில். மூன்று குட்டிகள். மூன்றின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பினார்கள். அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒரே ஒரு குட்டி! ஒரே தாய், ஒரே ஈற்று, அதிலேயே மூன்றில் ஒன்றுதான். இதை விட்டுவிட்டு, 'கலப்பு நாய் என்றால் அலர்ஜி வராது' என்று உலகம் பிடித்துக்கொண்டது. தான் ஆரம்பித்து வைத்ததற்காக அந்த மனிதரே பின்னாளில் நொந்துகொண்டார். நிலாவும் ஜாதியைப் பார்த்து மூச்சு விடப் போவதில்லை, எதிரில் நிற்கும் அந்த ஒரு நாயைப் பார்த்துத்தான்.

அதனால் அவளுடைய டாக்டரிடம் கேட்டு நாய் அலர்ஜிக்கான டெஸ்ட் எடுத்துவிடு. அதில் ஒரு விசேஷம் இருக்கிறது: சிலருக்கு ஒவ்வாமை ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதத்துக்கு மட்டும் இருக்கும். அப்படியானால் பெண் நாய் தாராளமாக ஒத்துப்போகலாம். டெஸ்ட்டில் எது வந்தாலும், நாய் அவள் படுக்கையறைக்குள் வரக் கூடாது. அழுவாள், நீ இளகாதே.

என்ன நாய் என்கிறாயா? ஷிட்ஸூ வேண்டாம். முடி கொட்டாது, குணம் தங்கம், ஆனால் அந்தச் சப்பை மூக்கை வைத்துக்கொண்டு சென்னைப் புழுக்கத்தில் தெருமுனை வரை போவதற்குள் மூச்சு வாங்கும். அது ஏசியில் உட்கார்ந்து ராஜ்ஜியம் பண்ணுகிற ஜாதி. பக் பற்றியும் கேட்டிருந்தாய். முடி குட்டை, அதனால் கொட்டாது என்று நினைத்திருப்பாய். கொட்டும் பார், ஊசி ஊசியாய், சோபாவில் குத்திக்கொண்டு நிற்கும்.

"நம்ம சிப்பிப்பாறை இருக்கும்போது எதுக்குச் சீமை நாய்?" என்று உன் மாமனார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. வெயில் தாங்கும், சீப்பே வேண்டாம், ஓட்டத்தில் அண்ணாவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். உனக்கு ஊரில் தோட்டமும் வேலியும் இருந்தால் நானே வாங்கிக் கொடுப்பேன். மடிப்பாக்கத்தில், பூனை கண்டால் பாய்கிற வேட்டை நாயை, தினமும் நாலு பேர் வந்து போகிற வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? புது ஆளிடம் அது சட்டென்று ஒட்டாது.

என் மனசில் இருப்பது பூடில்தான், ஆனால் கடையில் காட்டுகிற பொம்மை சைஸ் அல்ல. பூடில் என்றாலே மடியில் வைத்துக் கொஞ்சுகிற நாய் என்று நினைப்பார்கள். அது சுட்ட வாத்தைத் தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்விக்கொண்டு வந்த வேட்டைத் துணை. மினியேச்சர் 10 முதல் 15 அங்குல உயரம், பிள்ளைகளோடு பந்து விளையாட, காலையில் மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்க ஓட சளைக்காது. அண்ணாவோடு பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றால் ஸ்டாண்டர்டு, 20 கிலோவுக்கு மேல் வளரும், கிடைப்பதும் சிரமம், சீவுவதும் இரண்டு மடங்கு. எதுவானாலும் வளர்ச்சி முடியும் வரை நெடுந்தூரம் ஓட வைக்க வேண்டாம், எலும்பு கெடலாம். வெயில் ஏறும் முன், காலை ஆறரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு எண்ண முடியவில்லையென்றால் அதன் பாதமும் தாங்காது. பெசன்ட் நகர் கடற்கரைக்கு ஞாயிறுதோறும் கூட்டிப் போகலாம் என்கிறாய். போ, ஆனால் திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசி, காய வைத்து, சீவ வேண்டும். உப்பும் மணலும் சேர்ந்தால் சடைக்குக் கேட்கவே வேண்டாம்.

குட்டி எட்டு வாரத்துக்குக் குறைந்திருந்தால் வாங்காதே, விற்பதே சட்டப்படி தப்பு. தாயைக் காட்டமாட்டேன் என்கிற இடத்தில் நிற்கவே நிற்காதே. வளர்ந்த நாயை யாராவது கொடுக்கிறார்கள் என்றால் அதையும் யோசி. குணம் என்ன என்று முன்பே தெரிந்துவிடும், நிலாவோடு ஒத்துப்போகிறதா என்று நாலு தடவை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய். அரையாண்டு லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து நாலு நாள் இரு. டாக்டரிடம் சொல்லிவிட்டு, நிலாவின் இன்ஹேலரை மறக்காமல் எடுத்து வா. முதல் நாள் திண்ணையில் புட்டு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம். ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் சீப்பைக் கையில் கொடுக்கிறேன். உன் பையனை ஹரியோடு சைக்கிளில் அனுப்பிவிடலாம். நீயும் நானும் ரேஸ்கோர்ஸை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து, அத்தை கையால் சந்தகை சாப்பிடலாம்.

வரும்போது போன வருஷம் நீ எடுத்துப் போன என் எவர்சில்வர் தூக்கையும் கொண்டு வா. மறந்துவிட்டேன் என்று இந்தத் தடவையும் சொல்லாதே.

அன்புடன்,
விஜி